முகம் மாறா மோட்டார் வண்டி

நம் கல்லூரியின் யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, இலக்கியம் பற்றியோ சமயம் பற்றியோ எழுதுந் தகுதி எனக்கில்லையென முதலில் மறுத்தேன். இரும்போடும் எண்ணெயோடும் வாழ்நாளைக் கழித்த பொறியியலாளன் நான். “அவ்விரும்பைப் பற்றியே எழுதுக” என அவர்கள் அன்புடன் வற்புறுத்தினர். ஆதலின், பழைய மோட்டார் வண்டியொன்றின் புறத்தோற்றத்தைச் சிறிதும் மாற்றாது, அதன் எஞ்சினை இக்காலத்துக்கு ஏற்றதாக ஆக்குவது எவ்வாறென்பதை, சாய்ந்தமருதில் நான் பங்குகொண்ட ஒரு வேலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்க முனைகின்றேன். அவ்வேலையில் நான் இழைத்த பிழையொன்றையும் மறையாது கூறுவேன். மாணவர்களுக்கு மிகுதியும் பயன்படத்தக்க பகுதி அதுவே.

கல்முனைக்குத் தெற்கே, காரைதீவுக்கு வடக்கே, கிழக்கில் வங்கக் கடலும் மேற்கில் நெல்வயல்களும் எல்லையாக அமைந்த ஊர் சாய்ந்தமருது. மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் செல்லும் நெடுஞ்சாலை அவ்வூரை ஊடறுத்துச் செல்கின்றது. அங்கே என் நண்பரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டுக் கொட்டகையில் 1959ஆம் ஆண்டின் மொரிஸ் மைனர் கார் ஒன்று இருந்தது. நெல் வணிகரான அவருடைய தந்தையார் வாங்கி, தம் இறுதிக்காலம் வரை தாமே ஓட்டிய கார் அது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் ஊருக்குள் புகுந்தபோது, அவ்வண்டி அடித்துச் செல்லப்படவில்லை. ஆயினும் எஞ்சின் முழுவதும் உப்புநீரில் மூழ்கிற்று. உயிரிழந்தோரைத் தேடி அலைந்த அந்நாட்களில் காரை எவர் நினைப்பர்? நீர் வடிந்த பின்னும் அது நின்ற இடத்திலேயே பல்லாண்டு நின்றது.

2020 மார்ச்சு மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான அத்தடை 2025 பெப்ருவரியிலேயே நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் புதிய வண்டி கிடைக்கவில்லை. பாவித்த வண்டிகளின் விலையோ எட்டாத உயரத்துக்கு ஏறிற்று. அப்பொழுதுதான் நண்பரின் பார்வை கொட்டகைப் பக்கம் திரும்பியது. 2021ஆம் ஆண்டில் ஒரு நாள் என்னை அழைத்துத் தம் விருப்பத்தை இரண்டே வாக்கியங்களிற் கூறினார். “வாப்பா ஓட்டின கார், வாப்பா ஓட்டின மாதிரியே இருக்கணும். ஆனா, பேரப்பிள்ளைகளை ஏத்திக்கிட்டு மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் பயமில்லாமப் போய் வரணும்.”

இவ்விரண்டு வாக்கியங்களும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும். மைனர் காரின் வரலாற்றை அறிந்தோர்க்கு அவை முரண் அல்ல.

அலெக் இசிகோனிஸ் என்னும் வடிவமைப்பாளர் ஆக்கிய மொரிஸ் மைனர், 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. பத்து இலட்சமாவது வண்டி 1960 டிசம்பரில் உருவாயிற்று. அத்தொகையை எட்டிய முதற் பிரித்தானியக் கார் அதுவே. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி முடிவுற்றபோது 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ஆக்கப்பட்டிருந்தன. முதல் மைனரில் 918 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள பக்கவால்வு எஞ்சின் ஒன்றே பொருத்தப்பட்டது. தொடக்க வண்டிகளில் நீரைச் சுற்றோட்டும் பம்பி தானும் இல்லை; சூடான நீர் மேலெழுவதும் குளிர்ந்த நீர் கீழிறங்குவதுமாகிய இயல்பே எஞ்சினைக் குளிர்வித்தது.

1952இல் மொரிஸ், ஒஸ்ரின் ஆகிய இரு பெருங் குழுமங்களும் ஒன்றிணைந்தன. அதன் பயனாக, ஒஸ்ரின் நிறுவனம் 1951இல் வெளியிட்ட ‘ஏ’ வரிசை எஞ்சின் மைனருக்கும் கிடைத்தது. முதலில் 803, பின்னர் 1956இல் 948, அதன்பின் 1962இல் 1098 கன சென்ரிமீற்றர் என மைனரின் எஞ்சின் படிப்படியாக வளர்ந்தது. அதே வரிசையைச் சேர்ந்த 1275 எஞ்சின் மைனரில் தொழிற்சாலையினாற் பொருத்தப்படாவிடினும், மிட்ஜெற், மரீனா முதலிய பின்சில்லு இயக்க வண்டிகளிற் பொருத்தப்பட்டது. சிறிய மினி காரில் இவ்வரிசை எஞ்சின் 2000ஆம் ஆண்டு வரை உற்பத்தியாயிற்று. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நிலைத்த ஒரு குடும்பம் இது. அண்ணனும் தம்பியும் முகச்சாயலில் ஒத்திருப்பது போல 948உம் 1275உம் புறத்தே ஒத்திருக்கின்றன. வேறுபாடு பெரும்பாலும் உள்ளேதான்.

அவ்வேறுபாட்டை எண்களாற் காண்போம். 948 எஞ்சினில் உருளையின் விட்டம் ஏறத்தாழ 62.9 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறியிறங்கும் நீளம் 76.2 மில்லிமீற்றர். 1098இல் இவை முறையே 64.6, 83.7 ஆகும். 1275இல் 70.6, 81.3 ஆகும். அதாவது 1098 எஞ்சின் பெரும்பாலும் பிஸ்டனின் ஓட்டத்தை நீட்டிப் பெற்ற பெருக்கம். 1275 எஞ்சினோ உருளையை அகலித்துப் பெற்ற பெருக்கம். ஓட்டம் நீண்டால் ஒரே சுழற்சி வேகத்திற் பிஸ்டன் கடக்க வேண்டிய தூரமும் நீளும். அதனால் நீண்டநேரம் விரைந்து ஓட்டுவதற்கு 1098ஐ விட 1275 ஏற்றதாகின்றது. வலுவும் அவ்வாறே கூடுகின்றது. மைனரில் 948 எஞ்சின் ஏறத்தாழ 37 குதிரைவலுவையும், 1098 எஞ்சின் 48 குதிரைவலுவையும் தந்தன. 1275 எஞ்சின், மிட்ஜெற், மரீனா வண்டிகளில் 60 முதல் 65 குதிரைவலு வரை தந்தது.

உதிரிப்பாகம் கிடைக்குமா என்பது அடுத்த வினா. இவ்விடயத்தில் இலங்கைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு என்பதைப் பலர் அறியார். இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையத்தை நிறுவிய சாள்ஸ் வெயார் என்பவர், நன்கு பேணப்படும் பழைய காரே நெடுங்காலம் பயன்தரும் கார் என்னும் கொள்கையுடையவர். அவர் 1990களில் இலங்கைப் பங்காளியொருவருடன் இணைந்து காலி நகரில் மைனர் காருக்குரிய தகடுகளையும் உதிரிப்பாகங்களையும் ஆக்கும் தொழிலகத்தை ஏற்படுத்தினார். எந்நாட்டிலிருந்து இக்கார் நமக்கு வந்ததோ, அந்நாட்டுக்கே அதன் பாகங்கள் இலங்கைத் தொழிலாளர் கையினால் ஆக்கப்பட்டுச் சென்றன.

எங்கள் காரின் 948 எஞ்சினை கழற்றிப் பார்த்தோம். உப்புநீர் உருளைச் சுவர்களைக் குழிகுழியாகத் தின்றிருந்தது. எனவே அதே வரிசையின் 1275 எஞ்சினைத் தேடிக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குச் சென்றோம். பழைய உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன அப்பகுதியில், மரீனா காரிலிருந்து கழற்றப்பட்ட எஞ்சினொன்று கிடைத்தது. ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். மினி முதலிய முன்சில்லு இயக்க வண்டிகளின் 1275 எஞ்சினை அப்படியே மைனரில் ஏற்ற முடியாது. பின்சில்லு இயக்க வண்டியின் எஞ்சினே பொருந்தும். அதற்கும் பின்தகடு, பிளைவீல் என்னுங் கனத்த சுழற்சில்லு, கிளச்சு ஆகியவை மைனரின் கியர்ப்பெட்டிக்கு இசைய அமைக்கப்பட வேண்டும். வாங்குமுன் அளந்து பார்ப்பவன் வாங்கியபின் வருந்தான்.

புறத்தோற்றம் என்பது எவற்றாலாயது? பொனற்றைத் திறந்தவுடன் கண்ணிற் படுவன: பச்சை வர்ணம் பூசிய எஞ்சின், அழுத்துத் தகட்டாலான மேல்மூடி, காற்று வடிகட்டி, எஸ்.யூ. காபரேற்றர், உருண்டை வடிவ டைனமோ, கரிய டிஸ்றிபியூற்றர் மூடி என்பனவாம். மேல்மூடி பழைய எஞ்சினிலிருந்தே எடுத்துப் பொருத்தப்பட்டது. 948இன் பக்கவாட்டிற் காணப்படும் சிறு தகட்டு மூடிகள் மரீனாவின் 1275இல் இல்லை. ஆயினும் அப்பக்கத்தை உட்புகு குழாயும் புகைபோக்கிக் குழாயும் மறைப்பதால் அவ்வேறுபாடு எவர் கண்ணுக்கும் புலனாவதில்லை. காபரேற்றரின் வாய் 1¼ அங்குலத்திலிருந்து 1½ அங்குலமாயிற்று. உருவமோ அதே உருவம்.

இனி, கண்ணுக்குப் புலனாகாத மாற்றங்களைக் கூறுவேன்.

முதலாவது, வால்வு இருக்கை. எஞ்சினில் ‘தட்டுதல்’ ஏற்படாதிருக்க ஈயச் சேர்மம் ஒன்றைப் பெற்றோலிற் கலக்கும் வழக்கம் 1920களில் அமெரிக்காவில் தொடங்கிற்று. அவ்வீயம் புகைபோக்கும் வால்வு அமரும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து, தேய்மானத்தையும் தடுத்தது. மூளையையும் நரம்பையும், சிறப்பாகக் குழந்தைகளுக்கு, ஈயம் கெடுப்பதால் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. 2021இல் அல்ஜீரியாவும் நிறுத்தியதோடு உலகெங்கும் கார்களுக்கான ஈயப் பெற்றோல் விற்பனை ஒழிந்தது. நல்லதே நடந்தது. ஆயினும் ஈயத்தை நம்பி ஆக்கப்பட்ட பழைய எஞ்சினில் வால்வு இருக்கை விரைவில் தேயும். இதற்குப் பரிகாரம், சிலிண்டர் ஹெட்டைக் கடைந்து, கடினமான உருக்கு வளையங்களை இருக்கைகளாகப் பதித்தல். அழுத்த விகிதத்தை ஒன்பதுக்கு மேல் உயர்த்தும் ஆசையையும் விட்டொழித்தோம். நம் ஊர்களில் எளிதிற் கிடைப்பது 92 ஒக்ரேன் பெற்றோலே.

இரண்டாவது, தீப்பொறி. பழைய டிஸ்றிபியூற்றருக்குள் இரு சிறு உலோக முனைகள் தொட்டும் பிரிந்தும் மின்னோட்டத்தைத் துண்டிக்கும். அம்முனைகள் தேயும், ஈரக்காற்றிற் கறுக்கும். அவற்றுக்குப் பதிலாகச் சிறு மின்னணுத் துண்டொன்றை அதே மூடியினுள் அடக்கிவிடலாம். ஆனால் அக்கால மைனரில் மின்கலத்தின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. மின்னணுத் துண்டுகளிற் பெரும்பாலானவை மறைமுனை இணைப்பை வேண்டுவன. இதனை மாற்றாது பொருத்தினால் அத்துண்டு கணப்பொழுதிற் கருகிவிடும்.

மூன்றாவது, மின்னாக்கி. பழைய டைனமோ 22 அம்பியர் அளவே தரும். எஞ்சின் மெல்ல ஓடுகையில் அதனினும் மிகக் குறைவாகவே தரும். இரவில் விளக்கும் மழைத்துடைப்பானும் ஒருங்கே இயங்கினால் விளக்கு மங்கும். டைனமோவின் கூட்டைப் போன்ற உருளைக் கூட்டினுள் ஓல்ற்றர்னேற்றரை அடக்கிச் செய்த மின்னாக்கிகள் இப்பொழுது வெளிநாடுகளில் விற்பனையாகின்றன. வெளியே பழமை, உள்ளே புதுமை என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் இல்லை.

நான்காவது, குளிர்விப்பு. இங்கிலாந்தின் குளிருக்கென அமைந்த ரேடியேற்றர் நம் சித்திரை வெயிலுக்குப் போதாது; வலு கூடிய எஞ்சினுக்கு அறவே போதாது. ரேடியேற்றரின் மேல்தொட்டியையும் கீழ்த்தொட்டியையும் அப்படியே வைத்துக்கொண்டு, நடுவிலுள்ள குழாய் வரிசைகளை மட்டும் மிகுதியாக்கிப் புதிதாக அமைப்பித்தோம்.

இவையெல்லாம் நிறைவேறி எஞ்சின் முதன்முறை உயிர்பெற்ற நாளன்று ஆசிரியர் வாய்பேசாது நின்றார். வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர் சாய்ந்தமருதைச் சேர்ந்த முதுபெரும் மெக்கானிக் ஒருவர். நாங்கள் அவரைக் ‘காக்கா’ என்றே அழைப்போம். அவர் முகத்தில் மாத்திரம் மகிழ்ச்சி இல்லை. “தம்பி, ஓட வைக்கிறதுக்கு முன்னுக்கு நிக்க வைக்கப் பாக்கணும்” என்றார். பிரேக்கு வேலையை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம், பாகங்கள் வரட்டும், அதுவரை மெதுவாக ஓட்டுவோம் என்று நான் விடையிறுத்தேன். பட்டம் பெற்றவன் நான்; அவரோ பட்டறையிற் படித்தவர். என் சொல்லே நின்றது.

அடுத்த வாரம் ஆசிரியர் காரை ஓட்ட, நான் அருகிலிருக்க, காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளி வழியாக அம்பாறைக்குப் புறப்பட்டோம். இருமருங்கும் வயல், நேரான பாதை. எஞ்சின் இனிமையாக ஓடிற்று. ‘மெதுவாக’ என்னுஞ் சொல்லை இருவரும் மறந்தோம். திடீரென மாடுகள் பாதையின் குறுக்கே வந்தன. பிரேக்கு பிடிக்காமலில்லை, ஆனால் ஒருபுறம் இறுகியும் மறுபுறம் தளர்ந்தும் பிடித்தது. கார் இடப்புறம் இழுத்துக்கொண்டு வயலுள் இறங்கிற்று. ஆசிரியரின் மணிக்கட்டு முறிந்தது. மாடுகளுக்கு ஒன்றும் நேரவில்லை. அன்று எதிரே ஒரு பள்ளிச் சிறுவன் சைக்கிளில் வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்னும் எண்ணம் இன்றும் என் உறக்கத்தைக் கலைப்பதுண்டு.

நான் மறந்த கணக்கு நம் கல்லூரியின் பெளதிக வகுப்பிற் கற்ற கணக்கே. ஓடும் பொருளின் இயக்கச் சத்தி அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். மணிக்கு 60 கிலோமீற்றரிலிருந்து 90 கிலோமீற்றருக்கு வேகம் ஏறும்போது, வேகம் ஒன்றரை மடங்கே ஆகின்றது. பிரேக்கு வெப்பமாக மாற்றி அழிக்க வேண்டிய சத்தியோ இரண்டேகால் மடங்காகின்றது. எங்கள் காரின் பிரேக்கு டிரம் 7 அங்குல விட்டமுடையது. 37 குதிரைவலுவுக்கென அமைந்தது. 1962இல் 48 குதிரைவலு எஞ்சினை ஏற்றியபோது உற்பத்தியாளரே முன்சில்லுகளின் டிரம்மை 8 அங்குலமாக்கினர். 11 குதிரைவலுவுக்கே அவர்கள் அவ்வாறு செய்திருக்க, நான் ஏறத்தாழ 25 குதிரைவலுவைக் கூட்டிவிட்டுப் பிரேக்கை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்தேன்.

அதன்பின் காக்கா சொன்ன ஒழுங்கிலேயே வேலை நடந்தது. முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக்கு பொருத்தினோம். பழைய சில்லும் சில்லுமூடியும் அதனை முற்றாக மறைத்தன. பிரேக்கின் பிரதான சிலிண்டர் மைனரில் ஓட்டுநரின் காலடியில், அடித்தளச் சட்டத்தினுள் மறைந்திருப்பது. கடற்காற்றில் அது துருவேறுவதால் புதிதாக்கப்பட்டது. மைனருக்குத் தனியான சட்டகம் இல்லை; உடலே சட்டகம். ஆகவே துருப்பிடித்த அடித்தகடு அழகுக்குறை அன்று, வலுக்குறையாகும். உப்புநீர் தின்ற பகுதிகளை வெட்டி நீக்கிப் புதிய தகடு ஒட்டினோம். முன்சில்லைத் தாங்கும் நிலைத்தண்டின் கீழ்முனை, புரியுள்ள மூட்டொன்றிற் சுழல்வது. கிறீஸ் இன்றித் தேய்ந்தால் அம்மூட்டுக் கழன்று, சில்லு மடிந்து, கார் தரையில் உட்கார்ந்துவிடும். அதனையும் மாற்றினோம். இருக்கைப் பட்டிகளும் பொருத்தினோம்.

இறுதியாகப் பின்னச்சின் பல்விகிதம். 948 காரில் இது 4.55க்கு 1, 1098 காரில் 4.22க்கு 1. 4.22 விகிதத்தைப் பொருத்தியதால், அதே வேகத்தில் எஞ்சினின் சுழற்சி ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு குறைந்தது. கூட்டிய வலுவை வேகத்துக்கன்றி அமைதிக்கும் எரிபொருட் சிக்கனத்துக்கும் செலவிடுதல் என்பதே இதன் கருத்து. 2022இல் எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசையில் நின்ற எம்மவர்க்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

தோற்றத்தைக் காத்தல் வேறு, உண்மையை மறைத்தல் வேறு. எஞ்சினின் இலக்கம் வாகனப் பதிவுப் புத்தகத்தில் எழுதப்பட்டிருப்பது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். காப்புறுதியாளருக்கும் கூறல் வேண்டும். என்றேனும் காரை விற்க நேரின், வாங்குவோனுக்கும் ஒளியாது உரைத்தல் வேண்டும். பழைய 948 எஞ்சின் எறியப்படவில்லை. எண்ணெய் பூசிக் கொட்டகையின் மூலையில் வைத்திருக்கின்றோம். எதை வெட்டினோம், எதை மாற்றினோம் என்பதெல்லாம் ஒரு கொப்பியில் எழுதப்பட்டு வண்டியினுள்ளேயே இருக்கின்றது. நமக்குப்பின் வரும் ஒருவர் விரும்பினால் வண்டியைப் பழைய நிலைக்கே கொண்டுவர அது வழிகாட்டும்.

இக்கட்டுரையின் சாரத்தை மாணவர்கள் இவ்வாறு மனத்திற் கொள்க. பழைய வண்டியைத் திருத்தப் புகுவோர் முதலில் உடலைப் பார்க்க. அடுத்து நிறுத்தும் உறுப்புகளைப் பார்க்க. அதன்பின் குளிர்விப்பையும் மின்னையும் பார்க்க. எஞ்சினின் வலுவை இறுதியிற் கூட்டுக. எஞ்சினையும் இயன்றவரை அதே குடும்பத்திலிருந்து தெரிவு செய்க. பட்டறையிற் படித்தவர் ஒருவர் ஒரு சொல் சொன்னால், உங்கள் பட்டத்தைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு அதனைக் கேட்க.

ஆசிரியரின் கை குணமாயிற்று. சென்ற நோன்புப் பெருநாளன்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரப்பிள்ளைகள் நால்வரும் பின்னிருக்கையில் நெருக்கியடித்து அமர்ந்திருக்க, கார் வாசலுக்கு வந்தது. அயல்வீட்டு முதியவர் ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “வாப்பாட காரை அப்படியே வெச்சிருக்கிறீங்களே!” என்று வியந்தார். ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் காக்காவைப் பார்த்தேன். காக்கா குனிந்து, முன்சில்லின் பின்புறத்தைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, “போகலாம்” என்றார்.